தண்டவாளமும் மனைக்கல்லும்

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கி.மீ. நீளப் புதிய ரயில் பாதை 2006–07இல் ஒப்புதல் பெற்றது. நில எடுப்பில் அது பட்ட பாடு வட்டாரத்துக்குத் தெரியும். ரயிலுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் ரயிலின் பெயரைச் சொல்லித் தடையின்றி நடந்தது மனை விற்பனை. ‘ரயில் நிலையம் மிக அருகில்’ என்ற விளம்பர வரி ரயிலை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டத்தின் தலைநகரானதும் அந்த வரியின் விலை இன்னும் ஏறியது.

விற்பனைப் பேச்சுக்கு இப்போது கொள்கைப் பேச்சும் துணைக்கு வந்திருக்கிறது. போக்குவரத்து முனையத்தைச் சுற்றி அடர்த்தியாக வீடு கட்ட விட வேண்டும், அதற்காக நிலப் பயன்பாட்டு வகையை மாற்ற வேண்டும், எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்த வேண்டும் என்பது ஒரு தரப்பு. நஞ்சை போய்விடும், நிலத்தடி நீர் போய்விடும், சாக்கடைக்கு வழியில்லாத ஊரில் மாடிமேல் மாடி எதற்கு என்பது மறு தரப்பு. சென்னையிலும் கோவையிலும் கேட்டுப் பழகிய வழக்குதான். ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு நகரத்தில், மலையடிவாரத்தில், அதே வழக்கை வைத்துப் பார்க்கும்போது அதன் பலமும் பலவீனமும் பெருநகரத்தில் தெரிவதைவிடத் துலக்கமாகத் தெரிகின்றன.

ஒரு நில விதியை எடைபோட மூன்று கேள்விகள் போதும். நோக்கம் என்று எதைச் சொல்கிறதோ அதைத்தான் அது அளக்கிறதா? அதன் ஒரு பகுதி இன்னொரு பகுதியின் காலை வாராமல் நிற்கிறதா? யாருக்கு வீடு கிடைத்தது, யாருடைய நடை குறைந்தது என்று காட்டும்படியான பயன் உண்டா? அளவீடு, உட்பொருத்தம், பயன் என்ற இந்த மூன்றையும் இரு தரப்புக்கும் ஒரே கண்டிப்போடு வைத்துப் பார்க்கலாம்.

முதலில் மூல நூல். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2017இல் வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த மேம்பாட்டுக் கொள்கைதான் இந்தியாவில் இந்த விவாதத்தின் அடிப்படை ஆவணம். நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிட நடைத் தொலைவை, செல்வாக்கு வட்டமாக அது வரையறுக்கிறது. வட்டத்துக்குள் அடர்த்தியைக் கூட்டு, வீடும் கடையும் அலுவலகமும் கலந்து வரட்டும், நடைபாதை போடு, கார் நிறுத்த இடத்தைக் குறை, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கு என்கிறது. தனித்தனித் துறைகளின் கையில் சிதறிக் கிடந்த விஷயங்களை ஒரே சிந்தனைக்குள் கொண்டுவந்தது அதன் நிறை. அடர்த்தியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டால் கொள்கையே இல்லை என்ற தெளிவும் அதில் இருக்கிறது. மெட்ரோ, பேருந்து விரைவுத் தடம் போன்ற பெருந்திரள் போக்குவரத்து ஓடும் நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது அதன் எல்லை. இந்த எல்லையை மறந்து, தண்டவாளம் தெரிந்த இடத்திலெல்லாம் வட்டம் போடுவது அந்த ஆவணத்தைத் தவறாக வாசிப்பது. கள்ளக்குறிச்சிக்கு அதை மேற்கோள் காட்டுபவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை 2017க்கு முன்பே வந்துவிட்டது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தோடு 2008இல் வந்த வளர்ச்சி விதிகள், பறக்கும் ரயில் பாதையின் இருபுறமும் 500 மீட்டரைச் செல்வாக்குப் பகுதியாக்கின. வழக்கமாக 1.5 என்றிருந்த தளப்பரப்புக் குறியீடு அங்கே 2.0 ஆயிற்று. சலுகைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: ஒவ்வொரு வீடும் 75 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. திட்டமிடல் வட்டாரத்தில் இந்த நிபந்தனையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த விதிகளிலேயே கூர்மையான வரி இதுதான் என்பேன். ரயிலடியில் கூடுதல் பரப்பைக் கொடுத்து அதை மூன்று கார் வைத்திருப்பவரின் பெரிய வீட்டில் கொண்டுபோய் முடித்தால் ரயிலுக்குப் பயணியும் இல்லை, நகரத்துக்கு வீடும் இல்லை. எத்தனை சதுர அடி என்பதோடு எத்தனை குடும்பம் என்றும் கேட்ட விதி அது.

அதன் குறையும் சிறியதல்ல. 1995இல் தொடங்கி 2007இல் வேளச்சேரியை எட்டிய அந்தப் பாதையில் பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்குள் காலியிடம்தான் அதிகம். நிலையத்திலிருந்து தெருவுக்கு இறங்கும் வழியும், அங்கிருந்து பேருந்தைப் பிடிக்கும் வழியும் யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் கிடந்தன. 500 மீட்டர் என்பது வரைபடத்தில் நேர்கோடு. பக்கிங்ஹாம் கால்வாயும் சுற்றுச்சுவரும் குறுக்கே வரும் இடத்தில் அதே 500 மீட்டர் காலில் இரட்டிப்பாகும். தூரத்தைச் சரியாக அளந்த விதி, நடையை அளக்கத் தவறியது.

பிறகு வந்தது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சென்னைக்கு ஒரு சட்டம், மாவட்டத்துக்கு ஒரு சட்டம், ஊராட்சிக்கு ஒரு சட்டம் என்றிருந்த குழப்பத்தைத் தீர்த்து மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் தந்தது பெரிய சாதனை. கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் தன் மனையில் என்ன கட்டலாம் என்பதை இன்று ஒரே ஆவணத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் இந்த ஒருமையில் ஒரு வேறுபாடு சத்தமில்லாமல் அழிந்தது. 2008இல் ரயிலடிக்கு மட்டும் சலுகையாக இருந்த 2.0, 2019இல் எல்லோருக்கும் அடிப்படை அளவாகிவிட்டது. எல்லா இடத்துக்கும் ஒரே அடர்த்தி என்று ஆன பிறகு ரயிலடிக்குச் சிறப்பு எங்கே? சலுகை பொதுவானபோது 75 சதுர மீட்டர் என்ற நிபந்தனையின் பிடியும் போயிற்று.

வேறுபாடு முழுவதும் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அது வேறு அளவுகோலுக்கு மாறிவிட்டது. கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் குறியீட்டை 2019 விதிகள் சாலையின் அகலத்தை வைத்துத் தருகின்றன. 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் வரை 40 சதவீதம், 9 முதல் 12 மீட்டர் வரை 30 சதவீதம். 9 மீட்டருக்குக் குறைந்தால் ஒன்றும் இல்லை. இந்த அளவுகோலுக்குக் காரணம் உண்டு. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும், குப்பை லாரி திரும்ப வேண்டும், கூடுதல் நெரிசலைத் தெரு தாங்க வேண்டும். அளப்பதும் எளிது, டேப் பிடித்தால் முடிந்தது, அதிகாரியின் மனப்போக்குக்கு இடமில்லை. வெளிப்படையான விதி என்ற வகையில் இது பாராட்டுக்குரியது.

இதே விதியைக் கள்ளக்குறிச்சித் தெருவில் இறக்கிப் பார்த்தால் விளைவு தலைகீழாகிறது. நகரத்தின் உண்மையான போக்குவரத்து முனையம் பேருந்து நிலையம். சேலம், விழுப்புரம், திருவண்ணாமலை, சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று எந்தத் திசைக்கும் அங்கே வண்டி கிடைக்கும். நான்குமுனைச் சந்திப்பு நடந்து போகும் தூரம். ஆனால் பழைய ஊரின் தெருக்கள் குறுகியவை. எனவே பேருந்துக்கு நடந்து போகக்கூடிய வீட்டுக்காரருக்குக் கூடுதல் குறியீடு எட்டாது. எந்தப் பேருந்தும் நிற்காத புறவழிச்சாலை ஓரத்து மனைக்காரருக்கு 50 சதவீதம் காத்திருக்கிறது. நடந்து வருபவருக்கு அருகில் இருக்கும் இடத்தைத் தண்டித்து, காரில் மட்டுமே போக முடிகிற இடத்துக்குப் பரிசு தருகிறது விதி. முதல் கேள்வியிலேயே அது தோற்கிறது: அடர்த்திக்குத் தகுதி போக்குவரத்து என்று சொல்லிவிட்டு, அளப்பது தார் அகலத்தை.

அடர்த்தி கோரும் தரப்பின் மைய வாதம், குறியீடு போதவில்லை என்பது. அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பதுக்கு நாற்பது அடி மனை என்றால் 1,200 சதுர அடி. 2.0 குறியீட்டில் 2,400 சதுர அடி கட்டலாம். தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், தளத்துக்கு 800 சதுர அடி. கீழே உரிமையாளர், மேலே இரண்டு வாடகைக் குடும்பம் என்று மூன்று அடுப்பு எரியும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக, அலுவலகப் படி ஏறாமலே அனுமதி பெறலாம். இருந்தும், சட்டம் கொடுத்திருக்கும் பரப்பே நகரத்தில் பெரும்பாலும் பயன்படாமல் கிடக்கிறது. பயன்படாத 2.0ஐ 3.0 ஆக்கினால் வீடு கூடாது. நிலத்தின் விலை மட்டும் கூடும். வங்கிக் கடன், காலிமனையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம், வாடகைக்கு விடுவதில் உள்ள அச்சம், கழிவுநீருக்கு வழியின்மை ஆகியவைதான் தடை. குறியீட்டை அவற்றுக்கு மருந்தாகக் காட்டுவது நோயை அறியாமல் மருந்து எழுதுவது.

இன்னொரு கணக்கு. நிலையத்தை மையமாக வைத்து 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் உள்ளே அடங்கும் நிலம் ஏறத்தாழ 78 ஹெக்டேர், 194 ஏக்கர். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் நாற்பது சதவீதம் போனதாக வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 1,200 சதுர அடி மனை இருபத்தொன்று தேறும். வட்டம் முழுவதும் நாலாயிரம் மனை. 2011 கணக்கெடுப்பின்படி கள்ளக்குறிச்சி நகராட்சியின் மக்கள்தொகை 52,508. வீட்டுக்கு நாலு பேர் என்று கொண்டால் பதின்மூவாயிரம் குடும்பம். அதாவது ஒரு மாடிகூடக் கட்டாமல், மனைக்கு ஒரு வீடு என்று நிரப்பினாலே நகரத்தின் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். கூடுதல் குறியீடு இல்லாவிட்டால் இடமே இருக்காது என்ற வாதம் இந்த எண்களுக்கு முன் நிற்கவில்லை.

ஆனால் அதே எண்கள் எதிர்த்தரப்பையும் சும்மா விடவில்லை. நாலாயிரம் குடும்பத்தை மூன்று தளமாக வைத்தால் மூன்றில் ஒரு பங்கு நிலம் போதும். நூற்று முப்பது ஏக்கர் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமுமாக இருக்கலாம். நஞ்சையைக் காக்க வேண்டும் என்பவர் மாடியை எதிர்ப்பது தன் கட்சிக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது. மாடி வேண்டாம் என்று சொன்னால் வயல் பிழைப்பதில்லை. வயலில் கல் நடுகிறார்கள், கொடி கட்டுகிறார்கள், சென்ட் கணக்கில் விற்கிறார்கள், பாதி மனையில் கருவேலம் முளைக்கிறது. விளைச்சலும் போய் வீடும் வராத நிலைதான் மனைப் பிரிவு நமக்குத் தந்திருக்கும் பொதுவான பலன்.

இதற்குச் சட்டத்தில் தடை இல்லையா? உண்டு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017இல் தனி விதிகளும் வந்தன. அதற்கு முன் 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, இந்தத் துறையின் வரலாற்றிலேயே கடுமையான மருந்து. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வாசல் திறந்துவிட்டன. கால நீட்டிப்பு மேல் கால நீட்டிப்பும் வந்தது. ஏழை வாங்கிய மனையை முடக்கிப் போடுவது நியாயமில்லை என்பதால் வரன்முறை தேவைப்பட்டது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிழை முதலில், அனுமதி பிறகு என்ற வரிசையை அது பழக்கமாக்கிவிட்டது. இந்தப் பழக்கம் உள்ள இடத்தில் ‘ரயிலடிச் சிறப்பு மண்டலம்’ என்று அறிவித்தால், அறிவிப்பு வரும் நாளுக்குள் நிலம் கைமாறி முடிந்திருக்கும். அடர்த்தியால் பிறக்கும் மதிப்பு பாதைக்கு நிலம் கொடுத்த விவசாயிக்கும் போகாது, நகராட்சிக்கும் போகாது.

இவ்வளவும் நிலத்தின் பக்கத்துக் கணக்கு. வண்டியின் பக்கத்துக் கணக்கை இரு தரப்பும் எடுப்பதே இல்லை. சின்னசேலம் இருப்பது சேலம்–விருத்தாசலம் ஒற்றைப் பாதையில். அங்கே நின்று போகும் பயணிகள் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; சென்னை எழும்பூருக்கான சேலம் விரைவு ரயில் இரவு வண்டி. அந்தப் பாதையிலிருந்து பிரிந்து வரும் கிளைப் பாதையின் முனையில் இருக்கும் கள்ளக்குறிச்சிக்கு அதைவிட அதிக வண்டி வரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. சென்னைக்குப் போக இரவு வண்டி ஒன்று கிடைத்தால் அது பெரிய வசதிதான். அதன் அருமையைச் சென்னைப் புறநகரான கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்துக்காகப் பெட்டியோடு நிற்பவரிடம் கேட்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கு நாலு முறை ஏறும் ரயிலுக்காக யாரும் ரயிலடியில் குடியேற மாட்டார்கள். தினசரி வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எந்த வண்டியில் போகிறார்களோ அந்த வண்டியின் அருகில்தான் அடர்த்திக்குப் பொருள் உண்டு. இந்த ஊரில் அந்த வண்டி பேருந்து.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. பிரேசிலின் குரிடிபா 1974 முதல் உயரக் கட்டடங்களைப் பேருந்துத் தடங்களின் ஓரத்தில் வரிசைப்படுத்தியது. அந்த நகரத்தை வளர்த்தது பேருந்து. அகமதாபாத் தன் 2021 வளர்ச்சித் திட்டத்தில் மெட்ரோவோடு பேருந்து விரைவுத் தடத்தையும் சேர்த்து, இருபுறமும் 200 மீட்டருக்கு 4.0 வரை குறியீட்டை அனுமதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2023இல் நகர ரயில் நிலையத்தைச் சுற்றி 800 மீட்டர், பேருந்து முனையத்தைச் சுற்றி 400 மீட்டர் என்று வட்டம் வரைந்து, அவற்றுக்குள் கார் நிறுத்தக் கட்டாயத்தையும் நீக்கியது. கலிபோர்னியா 2025இல் இயற்றிய சட்டம் புறநகர் ரயில் நிலையங்களை நாளொன்றுக்கு எத்தனை ரயில் என்று எண்ணித் தரம் பிரிக்கிறது. 48, 72 என்பவை அதன் எல்லைக்கோடுகள். இவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து நடுவதற்கில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையியலை. கட்டடம் இருக்கிறதா என்று கேட்காமல் வண்டி எத்தனை முறை வருகிறது என்று கேட்பது அது. நம் விதி நூல்களில் தூரம் இருக்கிறது, அகலம் இருக்கிறது. வண்டி வரும் இடைவெளி எங்கும் இல்லை.

உட்பொருத்தம் என்ற இரண்டாம் கேள்விக்கு வந்தால், குற்றவாளிக் கூண்டில் அரசே ஏற வேண்டியிருக்கிறது. மாவட்டம் பிறந்த பிறகு கள்ளக்குறிச்சிக்குக் கிடைத்த மிகப் பெரிய இரண்டு வேலைத்தலங்கள் அரசு மருத்துவக் கல்லூரியும் ஆட்சியர் அலுவலக வளாகமும். மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே சிறுவங்கூரில் அமைந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரத்தில் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலம் தேர்வாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பெரிய வளாகத்துக்கு ஊருக்குள் நிலம் கிடைக்காது என்ற சமாதானத்தை ஒதுக்கிவிட முடியாது. மருத்துவக் கல்லூரிக்கான அன்றைய நில அளவு விதிகள் அப்படிப்பட்டவை. ஆனால் தினமும் ஆயிரக்கணக்கானோரை இழுக்கும் இரண்டு நிறுவனங்களை இரு வேறு இடங்களில் நிறுத்திவிட்டு, மூன்றாவதாக ரயிலடியில் வீடுகளை அடர்த்தியாக்கச் சொல்வது முரண். அந்த வீட்டில் குடியேறுபவர் காலையில் எங்கே போவார், எதில் போவார் என்ற கேள்விக்குக் கொள்கையிடம் பதில் இல்லை.

இந்த முரண் கள்ளக்குறிச்சியோடு நிற்கவில்லை. சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரிலும், திருச்சியின் பஞ்சப்பூர் முனையம் 2025இலும் திறக்கப்பட்டன. நகர நெரிசலைக் குறைத்தன, பேருந்துகளுக்கு இடம் தந்தன, அது நிறை. பேருந்தைச் சுற்றி ஏற்கெனவே அடர்ந்திருந்த ஊரை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தை மட்டும் பெயர்த்தது குறை. நமக்குத் தாய் மாவட்டமான விழுப்புரத்தில் ஏரி நிலத்துக்குப் போன புதிய பேருந்து நிலையம் பெருமழை தோறும் குளமாவதைப் பார்த்த பிறகும், வெளியே போவதே வளர்ச்சி என்ற எண்ணம் மாறவில்லை. நடைத் தொலைவில் வீடு வேண்டும் என்று ஒரு துறை கொள்கை எழுதுகிறது. நடைத் தொலைவிலிருந்து பேருந்தை அகற்ற இன்னொரு துறை டெண்டர் விடுகிறது.

இந்த விவாதம் அருகிலுள்ள கல்வராயன் மலையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அதன் ஆகப் பெரிய குறை. மலைக்கு அடர்த்தி விதி பொருந்தாது, ஆகவே அது பேச்சுக்கு வெளியே என்று நினைக்கிறார்கள். போக்குவரத்து சார்ந்த வீடு யாருக்கு அதிகம் தேவை என்று பார்த்தால் பட்டியலின் தலையில் அங்குள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள்தான் வரும். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து 1976இல்தான் அந்த மலை விடுபட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலைமக்களின் வாழ்நிலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது, சாலையும் அடிப்படை வசதியும் இல்லை என்பது ஊரறிய வெளிவந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள குக்கிராமத்துக்காரருக்கு மருத்துவம், கல்லூரி, அலுவலகம், கூலி எல்லாமே சமவெளியில். இறங்கி வர ஒரு பேருந்து, திரும்ப ஒரு பேருந்து. தவறினால் ஜீப்பு, அதுவும் தவறினால் இரவு தங்க வேண்டும்.

தங்குவதற்கு எங்கே இடம்? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குறைந்த வாடகைக்கு ஒரு அறையும் சமையலறையும். தரைத்தளமும் இரண்டு மாடியும் என்று மேலே சொன்ன கணக்கு உயிர் பெறுவது இங்கேதான். 300, 400 சதுர அடியில் சிறு வாடகை வீடுகள் பேருந்தடியில் இருந்தால் மலையிலிருந்து படிக்க வரும் பிள்ளைக்கும், பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணுக்குத் துணை வருபவருக்கும், வாரக் கூலிக்கு வருபவருக்கும் நகரம் எட்டும். கொள்கையின் நோக்கம் குறைந்த வருவாய்க் குடும்பத்துக்குப் பயண நேரத்தைக் குறைப்பதுதான் என்றால், அந்த நோக்கத்துக்கு முழுத் தகுதியுடையவர்கள் இவர்கள். ரயிலடி மண்டலம் கேட்பவரின் கணக்கில் இவர்கள் இல்லை. நஞ்சையைக் காக்கச் சொல்பவரின் கணக்கிலும் இல்லை. மூன்றாம் கேள்வியில், யாருக்கு என்ற கேள்வியில், இரு தரப்பும் தேறவில்லை.

எதிர்த்தரப்பின் ஓர் ஆட்சேபத்தை மட்டும் முழு மதிப்போடு ஏற்க வேண்டும்: கழிவுநீர். தமிழகத்தின் பல நடுத்தர நகரங்கள் இன்னும் செப்டிக் டேங்கையும் அதை உறிஞ்ச வரும் லாரியையும் நம்பியிருக்கின்றன. மூன்று குடும்பத்தின் கழிவை ஒரு குடும்பத்துக்கு வெட்டிய தொட்டி தாங்காது. பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் நாற்றம் வரும். தளத்தை அனுமதிக்கும் முன் குழாயை உறுதிசெய் என்ற கோரிக்கையில் தவறே இல்லை. ஆனால் அதிலிருந்து அடர்த்தி வேண்டாம் என்ற முடிவு பிறப்பதில்லை. சிதறிய மனைப் பிரிவுகளுக்கு இழுப்பதைவிட, நெருங்கிய தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இழுக்க வீட்டுக்கு ஆகும் செலவு குறைவு. ஆட்சேபம் சரி, அதன் பெயரால் கேட்கும் தீர்வு தவறு.

இனித் தீர்ப்பு. போக்குவரத்தின் அருகே அடர்த்தி என்ற கருத்து கள்ளக்குறிச்சியில் செல்லும். அதை ரயிலடியில் பொருத்தும் திட்டம் செல்லாது. நிலப் பயன்பாட்டை இன்று ரயிலுக்காக மாற்றுவது, வராத வண்டியின் பெயரால் வயலை விற்பதாகவே முடியும். அங்கே செய்ய வேண்டியது, வகைமாற்றத்தை நிறுத்தி வைத்து, நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்ற எல்லையை விதியிலேயே எழுதுவது. அந்த எண்ணை எட்டும் நாளில் நிலத் தொகுப்பு முறையில் உழவரையும் பங்காளியாக்கித் திறக்கலாம். மாற்றம் உடனே வேண்டிய இடம் பேருந்தடி. பழைய தெருக்களில் தீயணைப்புக்குத் தேவையான வழியை உறுதிசெய்துகொண்டு, மூன்று தளத்துக்கு மிகாத சிறு வீடுகளுக்கு மட்டும் 9 மீட்டர் என்ற வாசற்படியைத் தளர்த்த வேண்டும். கார் நிறுத்தக் கட்டாயத்தை அங்கே விலக்க வேண்டும். 2008இன் 75 சதுர மீட்டர் நிபந்தனையை இன்னும் இறுக்கமாக மீட்க வேண்டும். கழிவுநீர் இணைப்பு இல்லாத தெருவுக்கு இந்தச் சலுகை எதுவும் இருக்கக் கூடாது.

இதற்கான சந்தர்ப்பமும் தூரத்தில் இல்லை. அம்ருத் 2.0 திட்டத்தின் துணைத் திட்டம் 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வரைய உதவுகிறது. 52,508 என்ற எண் அந்த வரம்புக்குள் விழுகிறது. 2025இல் புதுப்பிக்கப்பட்ட மினி பஸ் திட்டம் மலையடிவாரக் கிராமங்களையும் சிறுவங்கூரையும் பேருந்து நிலையத்தோடு தைக்க ஒரு கருவி. முழுமைத் திட்டம் எழுதும் மேசையில் பேருந்துக் கால அட்டவணையையும் விரித்து வைக்க வேண்டும் என்பதைத் தவிரப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இரு தரப்பில் யாருக்கு மதிப்பெண் அதிகம் என்று கேட்டால், அடர்த்தி கேட்பவருக்கே. அவர் இடத்தைத் தவறாகச் சொல்கிறார். கருத்து சரி, திருத்த முடியும். எதிர்ப்பவர் ஆபத்தைச் சரியாகக் காண்கிறார். ஆனால் அவர் சொல்லும் வழி அந்த ஆபத்தையே வளர்க்கிறது. விதி நூலை எழுதுபவருக்குத்தான் ஆகக் குறைந்த மதிப்பெண். சாலையை அளக்கத் தெரிந்த அவர் பேருந்தை எண்ணக் கற்காதவரை, கள்ளக்குறிச்சியில் உயரப்போவது மனையின் விலை மட்டுமே.